கை நனைக்காத வீடு

ஜூன் 12, வியாழன்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதிவிடப் போகிறேன்.

இந்த டைரி போன வருடத்தியது. ஜவுளிக்கடையில் கொடுத்தார்கள். கிழமைகள் பொருந்தாததால் ஒவ்வொரு பக்கத்திலும் அடித்து மாற்றிக்கொள்கிறேன். புது டைரி வாங்கும் நிலையில் நான் இல்லை. மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை, எங்கள் சம்பளத்துக்கும் விடுமுறை. நான் கௌரவ விரிவுரையாளர். வரலாற்றில் எம்.ஏ., எம்.ஃபில்., வயது ஐம்பத்திரண்டு. கௌரவம் என்ற சொல்லை முன்னால் போட்டுவிட்டால் மற்ற எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்று எவனோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருக்கிறான். என்னிடம் படித்த பையன் இன்று எங்கள் துறைத்தலைவர். அவர் என்னை ‘சார்’ என்கிறார், நானும் அவரை ‘சார்’ என்கிறேன். அவர் சொல்வது மரியாதை. நான் சொல்வது பிழைப்பு.

ஆனால் நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. இன்னாசியைப் பற்றி.

இன்றைய பேப்பரில் தூத்துக்குடிச் செய்திகள் பக்கத்தில் அவன் படம் வந்திருக்கிறது. மீனவப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறானாம். ‘ஐஸ் பிளாண்ட் உரிமையாளரும் சமூக சேவகருமான’ என்று போட்டிருக்கிறார்கள். என் மனைவி பிலோமியின் அண்ணன். இந்தச் சமூக சேவகரைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஒரு மனு போதும்.

பிலோமியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அலமாரித் தட்டில் விரிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனாள். இரவு வரை விரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, ஒருநா தூத்துக்குடி போயிட்டு வருவமா?”

“எதுக்கு?”

“சும்மாதான். கடலப் பாக்க. செலவு ஒண்ணும் ஆவாது. காலைல போனா சாயந்தரம் வந்துரலாம்.”

“கடலு பாக்கணும்னா கன்னியாகுமரி போவோம்.”

“அந்தக் கடல எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஒரு பஸ் தூரம். நாங்கள் கடைசியாகப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள். நான் கோயிலுக்குப் போகிறவன், அவள் மாதா கோவிலுக்குப் போகிறவள். அவள் வீட்டார் சில வருடம் முறைத்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். இன்னாசி மாடி கட்டி, மாதா கோவில் சாமியாரை அழைத்து வீடு மந்திரித்த அன்று எங்களுக்கும் அழைப்பு. முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இன்னாசியே வாளியோடு வந்து மீன் குழம்பு ஊற்றினான். ஊற்றியபடியே, ஊரே கேட்கிற குரலில், “மாப்ள, எம்ஃபில்லு படிச்சிட்டு இன்னும் எத்தன நாளைக்கு டெம்ப்ரவரி? நம்ம பிளாண்ட்ல கணக்கெழுத வந்துருங்க. கூட்டல் கழித்தல் வரும்லா?” என்றான். பந்தி சிரித்தது.

எச்சில் கையோடு எழுந்தேன். அந்த வீட்டுத் தண்ணீரில் கையைக்கூடக் கழுவவில்லை. பஸ் ஸ்டாண்டு குழாயில் கழுவினேன். இனி அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வீட்டில் கை நனைப்பதில்லை என்றால் அங்கே சாப்பிடுவதில்லை, உறவில்லை, அவ்வளவுதான். பிலோமி அதே குழாயடியில் நின்று, “நீங்க கை நனைக்காத வீட்டுல நானும் நனைக்க மாட்டேன்” என்றாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். இதையும் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

என் எம்.ஃபில். ஆய்வு டச்சுக்காரர் காலத்துத் தூத்துக்குடித் துறைமுகம். அந்த வகையில் அங்கே போவதற்கு எனக்கே ஒரு தேவை உண்டு. போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜூன் 21, சனி

பயணத் திட்டம் தயார். சிக்கனமாக ஒரு ஊரைப் பார்ப்பது எப்படி என்று நம் ஆட்களுக்குத் தெரியாது. ஆட்டோவில் ஏறினால் பாதிக் காசு அங்கேயே போய்விடும். அதனால் ஆட்டோ இல்லை. பழைய துறைமுகம், மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகள், டச்சுக்காரர் கட்டிய கிறிஸ்தவக் கோயில், கடற்கரைப் பூங்கா எல்லாம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. பெரிய துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் விடமாட்டார்கள், அது வேண்டாம். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து. திரும்பும்போது கால் கிலோ மக்ரூன், அதுவும் பிலோமிக்காக. எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெருவில் வெளியேறுவது என்று வரைந்து காட்டினேன். ஐஸ் பிளாண்ட் தெரு அதில் வராது. அப்படித்தான் வரைந்தேன்.

அவள் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு எடுத்துவிட்டாள்.

“மத்தியானத்துக்குப் புளியோதரை கட்டிரு” என்றேன்.

“சோறா?”

“ஓட்டல்ல ரெண்டு சாப்பாடு என்ன வெல தெரியுமா?”

“அதுக்கில்லங்க. அம்ம இருக்கிற ஊருக்கு மவ சோறு கட்டிட்டுப் போவாளா? எங்க ஊர்ல பாத்தா தப்பா நெனைப்பாங்க. அம்ம செத்து அடுப்புப் பத்த வைக்காத வீட்டுக்குத்தான் அப்படிப் போவாங்க.”

“நாம வீட்டுக்கே போகலயே. கடலுக்குத்தானே போறோம்.”

“ஆமா” என்றாள். “கடலுக்குத்தான்.”

ஜூன் 28, சனி

பிலோமி இப்போதெல்லாம் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறாள். நான் இருக்கும்போது அழைப்பு வந்தால் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள். தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள்.

இன்று வாடகை கொடுக்கக் கீழே போனேன். வீட்டுக்கார அம்மாள், “சார், உங்க மாமியாருக்கு இப்ப எப்படி இருக்கு? எழும்பி உக்காருதாங்களா?” என்று கேட்டார்.

“பரவாயில்ல” என்றேன்.

“பாத்ரூம்ல விழுந்தா இந்த வயசுல கஷ்டந்தான். பிலோமி பாவம், மாடில உக்காந்து அழுதிட்டே இருக்கும். நாந்தான் சொன்னேன், சார் கூட ஒரு எட்டு போயிட்டு வாளான்னு.”

“போறோம்” என்றேன். படியேறி வந்தேன்.

நோன்பு காலத்தில் விழுந்தார்களாம். அதாவது மார்ச்சில். கீழ்வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பிலோமியிடம் நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்.

ஜூலை 2, புதன்

மாநகராட்சிக்கான மனுவை எழுதி முடித்தேன். நல்ல தமிழ். ‘பொதுநலன் கருதி உண்மை விளம்பி எழுதுவது’ என்று ஆரம்பிக்கிறது. மேற்படி ஐஸ் பிளாண்ட் உரிமையாளர் தன் வீட்டின் பின்பக்கம் பொதுச் சந்துப் பாதையை ஆக்கிரமித்து ஓர் அறை எழுப்பியுள்ளார், வண்டி போகிற சந்து இப்போது ஆள் போகிற சந்தாகிவிட்டது, உடனே இடித்து அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால் பிலோமிதான் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாய்தவறிச் சொன்னாள். மாடிக்கு ஏற முடியாததால் அம்மாவைக் கீழே அந்தப் புது அறையில் படுக்க வைத்திருப்பதாகவும் சொன்னாள். அது மனுவுக்குத் தேவையில்லாத விவரம். சேர்க்கவில்லை.

கையெழுத்துப் போடப் போவதில்லை. மொட்டைக் கடுதாசி என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். பாளையங்கோட்டை தபால் முத்திரை விழுந்தால் சந்தேகம் நேரே என்மீது வரும். அதனால் தூத்துக்குடியிலேயே தபாலில் போட வேண்டும். பயணத் திட்டத்தில் பூங்காவுக்கும் டச்சுக் கோயிலுக்கும் நடுவில் தபால் நிலையத்தைச் சேர்த்திருக்கிறேன். பிலோமியிடம் காட்டிய படத்தில் அது இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்று போவதாக இருந்தது. மாணவர் சேர்க்கைக்கு ஞாயிற்றுக்கிழமை வர ஆள் வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டார். யாராவது ஒருவர் கை தூக்கத்தானே வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கடலோரத்தில் காற்று பலமாக இருக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தது. பயணம் தள்ளிவைக்கப்பட்டது. பிலோமி ஊறப்போட்டிருந்த புளியை எடுத்து ரசம் வைத்தாள். ரசம் நன்றாக இருந்தது. சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவப் போட்டாள்.

ஜூலை 17, வியாழன்

பிலோமி மாடியிலிருந்து இறங்கி வந்து, “இந்த ஞாயிறும் இல்லன்னா நான் ஒத்தையில போயிட்டு வாரேன்” என்றாள். இத்தனை வருடத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. ஒத்தையில் போக என்ன இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன். தபால் வேலையும் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

போய் வந்தோம். எல்லாவற்றையும் நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம். உப்பளம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாத்திகளையும் வெள்ளைக் குவியல்களையும் முதன்முதலாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். மனு என் சட்டைப் பையில் இருந்தது, ஸ்டாம்ப் ஒட்டி, விலாசம் எழுதி.

திட்டப்படியே பழைய துறைமுகத்தில் ஆரம்பித்தோம். தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முத்துக் குளிப்பை டச்சுக்காரர்கள் எப்படிக் குத்தகைக்கு விட்டார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். அவள், “எங்கப்பா இந்தப் படியிலதான் வந்து எறங்குவாங்க” என்றாள். அதற்குப் பிறகு நான் விளக்கவில்லை. சொந்த ஊரில் அவள் கையில் தண்ணீர் பாட்டிலும் தோளில் பையுமாக, வழி கேட்கப் போகிற வெளியூர்க்காரியைப்போல நடந்தாள்.

பூங்காவில் நிழல் பார்த்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் பிரிக்கவில்லை. பசிக்கவில்லையாம். அப்போது கருவாட்டுக் கூடையோடு போன ஒரு பெண் நின்றுவிட்டாள்.

“ஏளா, பிலோமிதான?”

பிலோமி எழுந்தாள். “மெட்டில்டாக்கா.”

அந்தப் பெண்ணின் கண் சோற்றுப் பொட்டலத்துக்குப் போனது. கூடையைப் பொத்தென்று கீழே வைத்தாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். “ஐயோ, எப்பளா? ஒங்கம்மயா? காலைலகூடக் கஞ்சி குடிச்சாள்னு சொன்னாங்களே!”

“அம்மக்கி ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லயா? பொறவு ஏம்ளா சோத்தக் கட்டிட்டு வந்திருக்க? எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு!” என்று அவளைத் தோளில் ஓர் அடி போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “இவுகதான் காலேஜ் மாப்ளயா? ரொம்ப எளைச்சிட்டாரு. கோவத்தையே தின்னா ஒடம்புல எப்படி ஒட்டும்?”

பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பமே சிரித்தது. இந்த ஊருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

அவள் போன பிறகு பிலோமி பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “நான் அம்மயப் பாத்துட்டு வாரேன். நீங்க இங்கனயே இருங்க” என்றாள். கேள்வி இல்லை, அனுமதி இல்லை. நடக்க ஆரம்பித்துவிட்டாள். தபால் நிலையம் எதிர்த் திசையில் இருந்தது. அவள் பின்னால் போனேன். தனியாக விடுவது சரியல்ல என்பதால்.

வாசலில் இன்னாசி நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை விவரிக்க நான் கடமைப்பட்டவன் அல்ல. அவள் உள்ளே ஓடினாள். நான் வாசலைத் தாண்டிப் போய்ப் பின்பக்கச் சந்தில் நின்றேன். ஆக்கிரமிப்பைக் கண்ணால் பார்த்துவிடலாமே.

மனுவில் எழுதியது உண்மைதான். அறை சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பூசாத சிமெண்டுச் சுவர். அதில் ஒரு ஜன்னல், என் தோள் உயரத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். ஜன்னல் அவ்வளவு பக்கத்தில் இருப்பதே ஆக்கிரமிப்பினால்தான். இல்லாவிட்டால் நான் எதையும் கேட்டிருக்க முடியாது.

“ஏளா, வந்துட்டியா” என்றது ஒரு குரல். மாமியாரின் பழைய குரல் அப்படி இருக்காது. கனத்த குரல், மீன் ஏலத்தில் பேசிப் பழகிய குரல். இது நூலாக இருந்தது.

இரண்டு பேரும் அழுதார்கள். அது எல்லா வீட்டிலும் நடப்பது.

பிறகு தட்டு நகரும் சத்தம். “ஒரு வாய் தின்னுளா. நேத்தே அண்ணங்கிட்டச் சீலா மீன் வாங்கச் சொன்னேன். போன வாரமும் வாங்கினான், அதுக்கு மொதல்லயும் வாங்கினான். நீ வரல. இந்தா, கை நடுங்குது, சீக்கிரம் வாங்கு.”



“வாயத் தொறளா.”

தட்டு மறுபடி நகர்ந்தது.

“எம்மேலயும் கோவமா ஒனக்கு?” என்று கேட்டார்கள். “அவன் பேசினது தப்பு. சரி. நான் என்னளா பேசினேன்?”

“இல்லம்மா” என்றாள் பிலோமி. “பசிக்கலம்மா. பூங்காவுல சாப்ட்டேன்.”

அவள் சாப்பிடவில்லை. என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பொட்டலம் கட்டியபடி பையில் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். இன்னாசி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“சந்துல ஏன் மாப்ள நிக்கீங்க? உள்ள வாங்க.”

“இருக்கட்டும்.”

“சரி, உக்காருங்க. நாற்காலில உக்காந்தா கை நனையாது.”

நான் உட்காரவில்லை. அவனும் உட்காரவில்லை. நாற்காலி எங்களுக்கு நடுவில் கிடந்தது. நான் சுவரைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

“அம்மைக்கு மாடி ஏற முடியல. சந்துல கொஞ்சம் இழுத்துட்டேன். தப்புதான். எவனாச்சும் ஒரு மொட்டக் கடுதாசி போட்டாம்னா மாநகராட்சிக்காரன் நாளைக்கே எந்திரத்தோட வந்துருவான்.” சிரித்தான். “அம்ம போனதும் நானே இடிச்சிருவேன் மாப்ள. அதுவர பொறுத்தாப் போதும்.”

என் கை சட்டைப் பைமேல் இருந்ததை அவன் கவனித்திருக்க முடியாது.

“பிளாண்ட்ல இப்ப யாரு கணக்கெழுதறா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஆளே வைக்கல மாப்ள. நானேதான் தப்புத்தப்பா எழுதிட்டுக் கெடக்கேன்” என்றான்.



திரும்பும் பஸ்ஸில் பிலோமி, “அம்ம நல்லாருக்கா” என்றாள். “நல்லா சாப்பிடச் சொன்னா. சாப்ட்டேன்” என்றாள். நான் தலையாட்டினேன். உப்பளம் வந்தபோது அவள் வெளியே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து புளியோதரையை மோந்து பார்த்தாள். கெடவில்லை. நின்றபடியே அதைச் சாப்பிட்டாள்.

மக்ரூன் வாங்க மறந்துவிட்டோம். தபால் நிலையம் பக்கம் போக நேரம் இருக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

இரண்டு வகுப்பு எடுத்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. பிலோமி போனில் பேசவில்லை, மாடிக்குப் போகவில்லை. குழாயைத் திறந்துவிடவும் இல்லை. வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. இதைத்தான் நான் விரும்பினேன் என்று யாராவது சொல்லக்கூடும்.

ஜூலை 23, புதன்

இன்னாசி படம் வந்த பேப்பர் அலமாரித் தட்டில் இன்னும் விரிக்கப்படவில்லை. தேடியபோது அவள் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. படத்தில் இன்னாசிக்குப் பின்னால், சக்கர நாற்காலியில், பாதி மறைந்து ஒரு கிழவி இருக்கிறார். முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு இன்னாசி மட்டும்தான் தெரிந்தான்.

சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, “ஞாயித்துக்கிழம தூத்துக்குடி போறோம்” என்றேன்.

கத்தி நின்றது. “சனிக்கிழம மாதா கோவில்ல கொடியேத்தம். மறுநா ஊரு பூரா கூட்டமா இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“புளி ஊறப் போடவா?”

“வேண்டாம். சோறு கட்ட வேண்டாம்.”

“ஏன்?”

“செலவு” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். வெண்டைக்காய் வழக்கத்தைவிடப் பொடியாக இருந்தது.

மனுவின் கவரைத் தண்ணீரில் நனைத்து ஸ்டாம்ப்பை உரித்து எடுத்தேன். முத்திரை விழாத ஸ்டாம்ப்பை வீணாக்குவது என் வழக்கம் அல்ல. மனுவைக் கிழிக்கவில்லை. அது இந்த டைரியின் உறைக்குள் இருக்கிறது. பந்தியில் சிரித்ததை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாம்ப்பை வேறொரு கவரில் ஒட்டினேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் சொல்வதற்குக் குரல் வேண்டும். பல தடவை எழுதி, கடைசியில் இவ்வளவுதான் நின்றது:

‘இன்னாசிக்கு. வருகிற ஞாயிறு மதியம் இரண்டு பேர் வருகிறோம். சீலா மீன் கிடைத்தால் வாங்கவும். காரம் குறைவாக, அம்மாவும் சாப்பிட வேண்டும். சோறு கட்டிக்கொண்டு வரவில்லை.’

கீழே ‘மாப்பிள்ளை’ என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். பட்டங்களோடு என் பெயரை எழுதிப் பார்த்தேன், அதையும் அடித்தேன். வேறு தாளில் சுத்தமாக எழுதி, அடியில் எதுவும் போடாமல் மடித்துவிட்டேன். பெயர் போட்டால் அது நான் எழுதியதாகிவிடும். நாளைக் காலை கல்லூரிக்குப் போகிற வழியில், இப்படியே, கையெழுத்தில்லாமல் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.